சிந்திலும் நாடகத்திலும் என் அக்கா

யுத்த காலத்தில் கனகம்மாசத்திரத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, இரண்டாம் வருஷமே கிணற்றில் விழுந்து செத்தாள். அவள் புருஷன், எங்கள் பாவா, அடித்த அடி தாங்காமல்தான் விழுந்தாள். கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது முதுகைத் திறந்து என்னிடம் காட்டினாள். பெற்ற நைனாவுக்கும் தெரியும். "ஆம்பள கை நீட்டத்தான் செய்வான், போய்ப் பொழைக்கிற வழியப் பாரு" என்று வண்டியேற்றி அனுப்பியவரே அவர்தான்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்குள் அக்கா பாட்டாகிவிட்டாள். மலையடிவாரத்தில், காவடிக் கூட்டத்துக்கு நடுவே, ஒருவன் கஞ்சிரா தட்டிக் கொலைச் சிந்து பாடி அச்சுப் புத்தகம் விற்றான். அதில் அவள் கள்ளப் புருஷனோடு ஓடப் பார்த்தவள். பின்னே, புருஷனிடம் அடிபட்டுச் செத்தவளைப் பாடினால் எவன் நின்று கேட்பான்? அது பாதி வீட்டில் நடப்பதுதானே. நைனா அதன்பின் கடைத்தெருவில் தலை காட்டவில்லை.

மறு வருஷம் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டு அந்தச் சிந்தையே நாடகமாக்கியது. பெண்கள் பார்க்க வரவேண்டுமே, ஓடுகாலி பத்தினியாகிவிட்டாள். ஒரு மிராசுதார் துரத்த, மானம் காக்கக் கிணற்றில் குதித்தாள். பாவா உத்தமப் புருஷன். சிந்துக்குக் கெட்டவள் வேண்டியிருந்தது, நாடகத்துக்கு நல்லவள் வேண்டியிருந்தது. அடிபட்டவள் யாருக்கும் வேண்டாம். சாவோடு முடிப்பது சகுனமில்லை என்று தங்கையையும் உள்ளே இழுத்தார்கள். அக்கா உயிர் போகிற நேரத்தில் தங்கையின் கையைப் புருஷன் கையில் பிடித்துக் கொடுத்தாள். மாலை மாற்றினார்கள், மங்களம் பாடினார்கள்.

வேஷம் கட்டியவன்மேல் சாமி வரும் என்று நம்புகிற ஊர் எங்களுடையது. அம்மாவுக்கு அது அக்காவே வந்து சொன்ன வார்த்தை. மறுநாள் காலை அக்காவின் புடவையை எடுத்துப்போய் அந்தப் பெண் வேஷக்காரனுக்குக் கொடுத்து, குங்குமம் வைத்தாள். அவன் பீடியை அணைக்காமலே வாங்கிக்கொண்டான்.

"ஒன்னப் பாவாவுக்குக் குடுக்கச் சொல்லிகினே செத்தாடி எம் பொண்ணு" என்றாள் அம்மா.

"அது நாடகக்காரன் எழுதினது. அக்கா எங்கிட்ட முதுகத்தான் காட்டினா."

"செத்தவ வார்த்தைய மீறினா குடும்பம் வெளங்காது."

"ஆங், அதான் சரி" என்றார் நைனா. பத்தினியைப் பெற்றவர் என்ற பேர் வந்ததும் அவர் மறுபடி கடைத்தெருவுக்குப் போக ஆரம்பித்திருந்தார்.

தை மாதம் பாவா என் கழுத்தில் தாலி கட்டினார். கம்பெனிக்காரன் அதற்கு முன்பே கொட்டகையைப் பிரித்துக்கொண்டு வேறு ஊர் போய்விட்டான். என் இடது காது கேட்காமல் போனது கல்யாணத்துக்குப் பிறகு. அதை எவனும் பாட்டாகக் கட்டவில்லை.