இல்லை என்று சொல்லாத கடை

கடைக்காரன் வாயில் "இல்லை" வரக்கூடாது என்பது என் அப்பா போட்ட சட்டம். கோயமுத்தூரில் அவரும் பிறகு நானுமாக நாற்பது வருஷத்துக்கு மேல் நடத்திய புத்தகக் கடையில் அந்தச் சொல் புழங்கியதே கிடையாது. கேட்ட புத்தகம் கைக்கு அகப்படாவிட்டால் "வந்துருமுங்க" என்போம். துண்டுச் சீட்டில் பெயரும் விலாசமும் எழுதி ஆணியில் குத்துவோம். பாதி வந்துவிடும். மீதியைக் கேட்டவர்களே மறந்துவிடுவார்கள். இதைத்தான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்.

கடைசி வருஷங்களில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் அட்டையைப் படமெடுத்துக்கொண்டு, போனில் வாங்கப் போய்விடுவார்கள். விடாமல் வந்தவர் சரவணம்பட்டியிலிருந்து ஓர் அம்மா. மிஷன் பள்ளியில் படித்தபோது அவருடைய வீட்டுக்காரருக்குப் பரிசாகக் கிடைத்த நாவல் ஒன்று எப்போதோ தொலைந்துபோயிருந்தது. இப்போது அந்த மனிதர் படுத்த படுக்கை, கண்ணும் தெரியாது.

"ஒருக்கா படிச்சுக் காட்டச் சொல்றாருங்ணா. அவரு இருக்கறதுக்குள்ள கிடைச்சிருங்களா?"

"வந்துருமுங்கக்கா."

அதை வெளியிட்ட பதிப்பகமே மூடிப் பல காலம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியும். இருந்தும், மாதம் தவறாமல் இரண்டு பஸ் மாறி வந்தவரிடம் அதே பதிலைச் சொன்னேன். நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். உபசாரத்துக்கு மட்டும் குறைச்சலே இல்லை. "வேற எங்காச்சும் பாக்கட்டுங்களா?" என்று ஒருமுறை கேட்டார். "எதுக்குங்கக்கா சிரமம், நம்ம கடைக்கே வந்துரும்" என்றேன். நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு அந்தம்மா வருவது நின்றது. சில மாதங்களில் கட்டடமும் கைமாறி, கடையைக் காலி செய்தேன். பரணில் கிடந்த அப்பா காலத்துக் கட்டு ஒன்றைப் பிரித்தபோது, மேலிருந்து மூன்றாவதாக அந்த நாவல். அவர் உட்கார்ந்து டீ குடித்த இடத்துக்கு நேர் மேலே அத்தனை நாளும் இருந்திருக்கிறது. "இல்லை" என்று சொல்ல வேண்டியிருந்தால் ஒருமுறையாவது தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பேன். "வந்துரும்" என்று சொல்லத் தேட வேண்டியதே இல்லை.

சீட்டிலிருந்த விலாசத்துக்கு அன்றைக்கே போனேன். கூடத்தில் சிலுவைக்குக் கீழே வீட்டுக்காரரின் படம், மாலையோடு. அந்தம்மா புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திறக்கவில்லை.

"கடைசி வரைக்கும் கேட்டாருங்ணா. கடைக்கார அண்ணன் வந்துரும்னு சொல்லியிருக்காருன்னு சொல்லிச் சொல்லியே வெச்சிருந்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காபி போட்டுக் கொடுத்தார். வாசல் வரை வந்து வழியனுப்பியபோது, "டவுனுக்கு வாரப்ப கடைக்கு வாரனுங்ணா" என்றார்.

"வாங்க" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"கடை இல்லீங்கக்கா" என்றேன்.