எலும்புள்ள காளான்

ஆலை மூடிக் கிடந்த மழைக்காலம் அது. என் வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. இரண்டு பிள்ளைகளும் பசியில் சுருண்டு கிடக்க, காளானாவது கிடைக்குமா என்று உழவர்கரை வயல்பக்கம் தனியாகப் போனேன். கூடை நிறையக் கிடைத்தது.

திரும்பும்போது வரப்பில் ஒருவர் எலி வளை தோண்டிக்கொண்டிருந்தார். ஒடிசலான ஆள். காதில் பாதி பீடி. பிடி மண் எடுப்பார், மோந்து பார்ப்பார், அப்புறம்தான் கீழே போடுவார். என் கூடையையும் கேட்காமலே இழுத்து மோந்தார்.

"இந்த விசத்தையா ஆக்கப் போறே, தாயி?"

தலையை ஆட்டினேன்.

"வெள்ளெலி நம்மளக் கண்டா ஓடுது. நல்ல கறின்னு அதுக்கே தெரியும். இது பாரு, பறிச்சிக்கோன்னு சொகுசா ஒக்காந்திருக்கு. இத்த நம்பலாமா?"

அத்தனையையும் சேற்றில் கொட்டி மிதித்தார். காலிக் கூடையைக் கையில் எடுத்தேன். அவர் பிடித்து வைத்திருந்ததே மூன்று வெள்ளெலி. இரண்டை உரித்து, இலையில் சுற்றிக் கூடையில் வைத்துவிட்டு, மறுபடி மண்ணை மோந்தார்.

யாரோ ஒருவரிடம் வாங்கினேன் என்று வீட்டில் சொல்லக் கூச்சம். மசாலாவைத் தூக்கலாகப் போட்டு, காளான் குழம்பு என்றே ஊற்றினேன். பிள்ளைகள் வழித்துத் தின்றார்கள்.

வீட்டுக்காரர் வாயிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்தார். "ஏம்மே, காளான்ல எலும்பு இருக்குமா?"

"இந்த வருசம் மழை ஜாஸ்தி" என்றேன்.

அவர் எலும்பை ஓரமாக வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்று என்று தட்டை நீட்டினார்.

அந்தப் பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அந்த மனிதரின் பேரை நான் கேட்கவில்லை. மிச்சமிருந்த ஒரு எலி அவர் வீட்டில் எத்தனை பேருக்கு என்றும் கேட்கவில்லை.