மாதா படத்துக்குப் பின்னால் எரிந்த சிவப்பு

அன்று காருக்குப் பக்கத்தில் இருந்தது மூன்று பேர்: அப்பா, நான், பத்து வயதுத் தங்கச்சி. இல்லாதது இரண்டு பேர். வயர் வேலை தெரிந்த மாமா துறைமுகத்தில் இரவு வேலை முடித்துவந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா மலைச்சரிவில் சிஞ்ஞோரா என்று நாங்கள் சொல்லும் முதலாளியம்மா வீட்டில் வேலையில் இருந்தார். ஐந்து மணிக்கு அப்பா போய் அவரை ஏற்றிவர வேண்டும்.

மூன்று மாதமாகக் காரின் மீட்டருக்குள் வெளிச்சமே இல்லை. பொழுதுபட்டால், வேகம் காட்டும் முள்ளின்மேல் அம்மா போன் லைட்டைப் பிடித்தபடி வருவார். அப்பாவுக்கு அது பழகிவிட்டது. எனக்கு மனம் கேட்காமல், கபோ சந்தைக்குப் பக்கத்துக் கடையொன்றில் சின்னப் பல்புகள் வாங்கிவந்தேன்.

"மாமா எழும்பட்டும் அப்பா."

"அவன் எழும்ப விடிஞ்சிடும். நீ யூனிவர்சிட்டிக்குப் போறனி தானே, கழட்டு."

நான் படிப்பது பொருளியல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் என்பதால் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அப்பாவின் எண்ணம்.

பட்டரி வயரை விலக்கி, திருகாணிகளைக் கழற்றி, மீட்டர் பெட்டியை வெளியே இழுத்தேன். பின்பக்கத்தில் வரிசையாகப் பல்புகள். ஒவ்வொன்றையும் கால்வாசி திருப்பினால் கையோடு வந்தது.

"அண்ணா, எல்லாம் கறுத்துச் செத்த பூச்சி மாதிரி," என்றாள் தங்கச்சி, யோகட் கோப்பையில் அவற்றைச் சேர்த்தபடி.

ஒன்றும் விடாமல் எல்லாவற்றையும் மாற்றிப் பூட்டி, பட்டரி வயரையும் திரும்பக் கொளுவி, சாவியைத் திருப்பினேன். முட்களுக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது. கூடவே மீட்டர்க் கண்ணாடியின் கீழ்மூலையில் ஒட்டியிருந்த படத்தில் மடு மாதாவின் முகமும் சிவப்பாக ஒளிர்ந்தது.

"சேசுவே!" அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். "மாதா வெளிச்சம் விடுறா! கொம்மாக்கு எடு, வீடியோவிலை காட்டுவம்!"

"மிராக்கொலோ!" என்று இந்த ஊர்ப் பாஷையில், அற்புதம் என்று, கத்தினாள் தங்கச்சி.

எனக்கும் ஒரு கணம் மயிர் கூச்செறிந்தது. பிறகுதான் இதுவரை யாரும் திறக்காத காரின் கையேட்டை எடுத்தேன். அந்த மூலையில் இருப்பது பிறேக் எச்சரிக்கை விளக்கு; கைப்பிறேக் இழுத்திருந்தாலும் எரியும், பிறேக் எண்ணெய் குறைந்தாலும் எரியும். கைப்பிறேக்கை இறக்கிப் பார்த்தேன். சிவப்பு அணையவில்லை.

"படத்தை உரிக்கப் போறன் அப்பா."

"விசரே உனக்கு? சாமியார் மந்திரிச்ச படம்!"

உரித்தேன். அடியில் சிவப்பு வட்டம், நடுவில் ஆச்சரியக்குறி. கார் வாங்கிய கிழமை, முட்களை மறைக்காத வெற்றிடம் இதுதான் என்று பார்த்து அப்பா ஒட்டிய படம். எரியாதபோது அந்த விளக்கு வெறும் கறுப்பாகத்தான் தெரிந்திருக்கும். அதன் பல்பு அப்போதே கருகிப்போயிருந்திருக்க வேண்டும்; அதனால்தான் படம் இதுவரை ஒளிரவேயில்லை.

பொனட்டைத் திறந்தோம். பிறேக் எண்ணெய்க் குப்பியின் அடியில் கொஞ்சம் கறுப்புக் கசடு மட்டும். பின்சில்லின் உட்பக்கம் எண்ணெயில் நனைந்திருந்தது. நான் பிறேக் பெடலை மிதித்தேன். சத்தமில்லாமல் தரைவரை போனது.

"காலமையும் ரெண்டு மூண்டு தரம் மிதிச்சாப் பிறகுதான் பிடிச்சது," என்றார் அப்பா, சாதாரணமாக. "பழசு தானே எண்டு விட்டிட்டன்."

காலையில் அம்மாவை இறக்கிவிட்டு அந்தச் சரிவில் அப்பா இறங்கி வந்தபோது பின் இருக்கையில் தங்கச்சி இருந்தாள். அப்பாவின் கண் மெல்ல அவள் பக்கம் திரும்பியது.

அப்படியும் நேரத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தார். "மெதுவாப் போய் ஏத்திக்கொண்டு வந்திடுறன். கொம்மா சிஞ்ஞோரா வீட்டு வாசல்லை நிண்டுகொண்டிருப்பா."

அவர் கையிலிருந்து சாவியைப் பறித்தேன். என் வாழ்நாளில் அவரிடமிருந்து எதையும் நான் பறித்ததில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். நடைபாதை விளிம்பில் போய்க் குந்திவிட்டார்.

அம்மாவுக்கு நான்தான் போன் எடுத்தேன். "பஸ்ஸிலை வாங்கோ அம்மா."

"ஒரு லைட் மாத்த ஒரு நாளே? அப்பா எங்கை?"

"இஞ்சைதான் இருக்கிறார்."

"போனைக் குடு."

கொடுத்தேன். அப்பா "ஓம்... ஓம்..." என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பஸ் மாறி, ஏழு மணிக்கு அம்மா முழுசாக வந்து சேர்ந்தார். அடுத்த நாள் கராஜ்காரர் பார்த்துச் சொன்னார், பின்சில்லுக்குப் போகும் பிறேக் குழாய் இற்றுப்போயிருந்ததாம். குழாய், எண்ணெய், கராஜ்காரரின் கூலி, என் பல்புகள், அம்மாவின் பஸ் டிக்கெட் எல்லாம் சேர்த்து இருநூற்று எழுபத்தாறு யூரோ.