விடாமல் பிடித்த ஓரம்

எட்டு வருடங்களுக்கு முன், ஒரு மழைநாள் காலையில் அந்தமானின் சாத்தம் ஜெட்டியில் நடந்தது இது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்தான்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, மண்டபம் முகாம் வழியாக அந்தமான் வந்த குடும்பம் எங்களுடையது. அங்கே சிப்பிகாட் என்ற ஊரில் அப்பாவுக்குத் தோட்ட வேலை. ஒருநாள் அதிகாரிகள் வந்து காகிதம் கேட்டபோது, "ஒண்ணுமில்ல தொர" என்று சொல்லிவிட்டார். முகாமில் கொடுத்த குடும்ப அட்டையோ கூரை மூங்கிலுக்குள் பத்திரமாக இருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இலங்கையில் கேட்டவுடன் காகிதத்தைக் கொடுத்தார். அது திரும்பி வரவில்லை. எங்களை ரயிலேற்றத்தான் ஆள் வந்தது.

காகிதமில்லாதவர்கள் அடுத்த கப்பலில் மெயின்லேண்டு போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்பா, அம்மா, நான், தம்பிகள் இருவர் என ஐந்து பேரும் டிரங்குப் பெட்டியோடு வரிசையில் நின்றோம். சுவரில் ஒட்டியிருந்த இந்தி அறிவிப்பை, பள்ளியில் கற்றதை வைத்து அங்கேதான் படித்தேன். முகாம் அட்டை உள்ளவர்கள் இங்கேயே இருக்கலாமாம்!

"அப்பா, அட்டையக் காட்டினா போதும்."

"வாய மூடு புள்ள. கடதாசி கைமாறினா திரும்பாது. இதுவும் போச்சுன்னா நாம எந்த ஊரு ஆளு?"

சின்னத் தம்பி என் பாவாடையை இழுத்தான். "அக்கா, இதுல எறங்கினதும் இன்னொரு கப்பலா?"

அதைக் கேட்டதும் அம்மா, வீட்டிலிருந்து மடியில் முடிந்து வந்த அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "போ. புடிச்ச அட்டைய மட்டும் விட்டுடாத."

நான் விடவேயில்லை. மேசையிலிருந்த அதிகாரி அட்டையை ஒரு பக்கம் இழுக்க, மறு ஓரத்தை இறுகப் பிடித்திருந்தேன்.

"சோடோ பேட்டி." விடு மகளே என்றார்.

"நஹி சாப், ஐசே ஹி படியே." இப்படியே படியுங்கள் என்றேன்.

"அட்டையோடு சேர்த்துப் பெண்ணையும் படித்துவிடுங்கள் சாப்!" என்று பின்னாலிருந்த வங்காளி ஒருவர் இந்தியில் சொல்ல, வரிசையே சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். மேசைமேல் குனிந்து, எங்கள் ஐந்து பேரின் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கப்பல் பட்டியலில் எங்கள் ஐந்து பெயரையும் சிவப்பு மையால் அடித்தார்.

"இருக்கச் சொல்லிட்டாங்கப்பா!"

"கடதாசி எங்க?" அதுதான் அப்பாவின் முதல் கேள்வி.

கையிலிருந்ததைக் காட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அடுத்த நொடி டிரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கப்பலுக்கு முதுகைக் காட்டி நடந்தார் பாருங்கள், நாங்கள் ஓட வேண்டியிருந்தது. அபர்டீன் பஜாரில் கடைகடையாக நின்று, "எம்மக தொரைகிட்டயே இந்தியில பேசிருச்சு!" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

இன்று நான் ஓர் அலுவலகத்தில், மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருகிறேன். காகிதத்தை நீட்டிவிட்டு ஓரத்தை விடாமல் யாராவது நின்றால், நான் இழுப்பதில்லை. அந்த ஓரத்தை ஒரு குடும்பமே பிடித்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியே குனிந்து படிக்கிறேன்.