முட்டி போட்டால் எரியாத விளக்கு

ஒரகடம் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலில் இடம் போதவில்லை என்று எதிரே புதிதாகக் கட்டிவிட்டார்கள். பழைய கோயில் பூட்டியே கிடந்தது. போன வருஷம் சென்னைக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் ஃபாதரிடம் அனுமதி வாங்கி, அதற்குள் விளக்குக் காட்சி வைத்தார்கள். வாசலிலிருந்து பீடம்வரை நாம் நடக்க நடக்க, காலடியில் தரை ஒளிரும். ஆள் வருவதைக் கண்டுபிடிக்கும் சென்சார்களைப் பொருத்தியது நான். கம்பெனியில் எனக்கு அதுதான் வேலை.

அங்கே லைனில், ஆள் நெருங்கினால் மெஷினை நிறுத்தும் சென்சாரை நெஞ்சு உயரத்தில்தான் வைப்போம். தாழ்த்தி வைத்தால் டிராலி போனாலும் மெஷின் நின்று தொலைக்கும், சூப்பர்வைசர் கத்துவார். பழகிய கை, இங்கேயும் அதே உயரத்தில் முடுக்கிவிட்டது. யோசிக்கவே இல்லை நான், மடையன்.

திறப்பு நாளன்று மாலை அண்ணி வந்தார். அண்ணன் வண்டியில் போய் லாரியில் அடிபட்டுச் செத்து இரண்டு வருஷம். அடிபட்ட அன்று உடம்பு முடியாமல் படுத்திருந்தவனை, "ஓ.டி. காசை ஏன் விடுற, எழுந்து போய்யா" என்று அனுப்பிவைத்தவர் அண்ணிதான். அவர்கள் கல்யாணம் நடந்ததும் இந்தப் பழைய கோயிலில்தான்.

எல்லோரும் சிரித்துக்கொண்டு நடந்தார்கள். அண்ணி மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, வேண்டுதலுக்குப் போவதுபோல் முட்டி போட்டு, தலை குனிந்தபடி நகர்ந்தார். ஒரு விளக்குகூட எரியவில்லை. பீடம்வரை இருட்டிலேயே போனார்.

என்னிடம் வந்து, "எல்லாருக்கும் எரியுது தம்பி, எனக்கு எரியலியே. அவரு இன்னும் என்ன மன்னிக்கல" என்றார்.

காரணம் எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனால் ஃபாதர் என் தோளில் கைபோட்டு, "நம்ம புள்ள செஞ்சது" என்று வந்தவர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். "அப்டிலாம் இல்ல அண்ணி" என்று முணுமுணுத்ததோடு சரி. வாயைத் திறந்திருந்தால் முத்தா உதிர்ந்திருக்கும்?

மறுநாள் காலை ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு, சென்சாரையெல்லாம் கீழே இறக்கினேன். நானே முட்டி போட்டுப் போய்ப் பார்த்தேன். பீடம்வரை எரிந்தது. நேரே அண்ணி வீட்டுக்கு ஓடி, தப்பு என்னுடையதுதான், வாங்க அண்ணி, இப்போது எரிகிறது என்றேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை முகத்தில்.

"எனக்கோசரம் இன்னா பாடுபடற நீ. நெசமா இருந்தா நேத்தே சொல்லியிருப்பியே, தம்பி."