புதன்கிழமைத் தடாகம்

எங்கள் வீட்டுப் பின்வளவில் இருந்த நீச்சல் தடாகத்தில் ஒவ்வொரு நாளும் நாலு விரற்கடை தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தவள் சீனியம்மா. ஆழமான பக்கத்துச் சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டுவிட்டு, மறுநாள் காலையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். நான் நாடு திரும்பி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. நானும் பின்னால் போனேன். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

"வெயிலுக்கு இவ்வளவு வத்தாதுங்க ஐயா. அடியில எங்கயோ குடிக்குது," என்றாள் சீனியம்மா.

அப்பா சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "இப்ப என்ன செய்வம், சீனியம்மா?"

ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த மகள் பக்கத்தில் நிற்கும்போது, வீட்டைப் பற்றிய கேள்வியை அவர் வேலைக்காரியிடம் கேட்டார். என் எரிச்சல் அந்த நிமிடத்தில் தொடங்கியது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் இடையில் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. அப்பா செல்லையா கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் எழுதுவினைஞராக இருந்தவர். அவருடைய மேலதிகாரியான பறங்கியர் ஒருவர் அவுஸ்திரேலியாவுக்குப் போகும் அவசரத்தில் மலிவாக விற்ற வீடு அது. தடாகமும் வீட்டோடு வந்தது. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. அம்மா இருந்தவரையில் அதன் விளிம்புக்குப் போகவே எனக்கு அனுமதியில்லை.

சீனியம்மா எழுபத்துநாலில், தேயிலைத் தோட்டங்களில் பஞ்சம் வந்த ஆண்டு, மஸ்கெலியாவிலிருந்து பதினான்கு வயதில் எங்கள் வீட்டு வேலைக்கு வந்தவள். எனக்கு அப்போது நாலு வயது. சமையல், துணி, என்னைத் தூக்கி வைத்திருப்பது எல்லாவற்றோடும் தடாகத்தில் விழும் பலா இலைகளை வலையால் அள்ளுவதும் அவள் வேலை. அம்மா மத்தியானம் தூங்கும் நேரத்தில், வெறும் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றின் வாயை அடைத்து, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் தானாகவே நீந்தப் பழகினாள். ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த நான் அம்மாவிடம் கோள் சொன்னேன். அம்மா அவளை அகப்பைக் காம்பால் அடித்தாள். அடுத்த நாளும் அவள் இறங்கினாள். அதன்பிறகு அம்மா பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

எண்பத்துமூன்று ஜூலையில் கும்பல் ஒழுங்கைக்குள் வந்தபோது, நாங்கள் மூவரும் மதிலேறிப் பக்கத்துச் சிங்களக் குடும்பத்தின் வீட்டுக்குள் ஓடினோம். சீனியம்மா பின்னால் வருகிறாள் என்று நினைத்தோம். அவள் வரவில்லை. தடாகத்தின் ஆழமான மூலையில், இலைகளுக்கு நடுவே மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் மிதந்திருக்கிறாள். றேடியோ, மின்விசிறி, அம்மாவின் தையல் மெசின் எல்லாம் போயின. தடாகத்தை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் சீனியம்மாவிடம்தான் அந்தக் கதையைக் கேட்டார்கள். நாங்கள் மதிலேறிய கதையை யாரும் கேட்கவில்லை. பதின்மூன்று வயதில் எனக்கு அதுகூடப் பொறாமையாக இருந்தது.

அம்மா இறந்தபின், இருபத்தொரு வயதில் நான் புறப்பட்டேன். ஒரு தூதரகக் குடும்பத்தின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவர்களோடு நைரோபி, ஜெனீவா, லீமா என்று மாறி மாறி இருந்தேன். பிள்ளைகள் வளர்ந்து விடுதிப் பள்ளிக்குப் போனதும் என் வேலையும் முடிந்தது. தொண்ணூற்றெட்டில் திரும்பி வந்தேன்.

வந்த முதல் புதன்கிழமை பின்வளவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் தடாகத்துக்குள் ஏழு பெண்கள், உடுப்போடு. சல்வார், பாவாடை சட்டை, ஒருத்தி சேலை. காலில் சப்பாத்து. கழுத்தில் கைப்பை. நடுவே அம்மாவின் பழைய ஹவுஸ்கோட்டில் சீனியம்மா.

வடக்கிலிருந்து வந்து, வெளிநாடு போவதற்காக வெள்ளவத்தை லொட்ஜ்களில் மாதக்கணக்காகக் காத்திருக்கும் பெண்கள் அவர்கள். ஏஜென்சிக்காரன் எந்த வழியால் கொண்டுபோவான் என்று அவர்களுக்குத் தெரியாது. எங்கோ ஓரிடத்தில் படகில் ஏற்றுவான் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார்கள். லொட்ஜில் தண்ணீர் வருவதில்லை, குளிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு இங்கே வருவார்கள். அவர்களுக்குச் சீனியம்மா நீந்தக் கற்றுக்கொடுக்கவில்லை. மிதக்க மட்டும் பழக்கினாள்.

"கையக் கால அடிச்சா களைச்சுப் போவீங்க. சும்மா கெடங்க. யாராச்சும் வருவாங்க."

"சப்பாத்தைக் கழட்டட்டே?" என்றாள் ஒருத்தி.

"படகுல யாரு வெறுங்காலோட போறா? கழட்டாதீங்க. அதோடயே பழகுங்க."

சேலைக்காரியின் பெயர் நேசம். ஐம்பது வயது, பெருத்த உடம்பு, மகனிடம் போவதற்குக் காத்திருந்தாள். "எடி சீனியம்மா, நான் மிதக்கேல்லையடி. பூசணிக்காய் மாதிரி உருளுறன்!"

"பூசணிக்காயும் மிதக்குங்கக்கா. அமுக்குனாலும் மேலதான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். பின் விறாந்தையில் இருந்த அப்பாவும் சிரித்தார். அம்மா இறந்தபின் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

போய்ச் சேர்ந்தவர்கள் கடிதம் போட்டார்கள். ஒஸ்லோ, பாரிஸ், ரொறன்ரோ என்று முத்திரைகள். உறையில் 'சீனியம்மா ரீச்சர்' என்று எழுதியிருக்கும். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பதால் அப்பாதான் வாசித்துக் காட்டுவார். நான் அனுப்பிய தபாலட்டைகளையும் அவர் அவளுக்கு வாசித்திருக்கிறார். என் பயணங்களில் எனக்கே மறந்துபோனவை அவளுக்கு நினைவிருந்தன.

"பாப்பா, ஜெனீவாவுல பெரிய ஏரி இருக்குன்னு எழுதியிருந்தீங்களே. அந்தத் தண்ணி கனமா, லேசா?"

"தெரியாது. நான் இறங்கேல்லை."

"அத்தன வருசமுமா?"

கேலியாகக் கேட்கவில்லை. கேலி என்றால் பதில் சொல்லியிருப்பேன்.

மத்திய வங்கியில் குண்டு வெடித்தபிறகு, தமிழர் வீடுகளில் இருப்பவர்களின் பெயர்களைப் பொலிசில் பதிய வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலின் பிரதியை அப்பா முன்கதவின் பின்னால் ஒட்டியிருந்தார். செல்லையா, சீனியம்மா. அதற்குக் கீழே புதிய மையில் என் பெயர்.

"என்னை மூண்டாவதாப் போட்டிருக்கிறியள்," என்றேன்.

"வயசு ஒழுங்கில எழுதினனான்," என்றார் அப்பா. அவருக்கு அதில் வேறொன்றும் தெரியவில்லை.

தண்ணீர் மேலும் குறைந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து மீரா சாஹிப் என்ற மேசன்பாஸ் வந்தார். மோட்டரை வைத்துத் தண்ணீரை இறைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி, சுத்தியல் காம்பால் அடித்தளத்தைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே நடந்தார்.

"அடி வெடிச்சி இருக்கி, ஐயா. பூசி மறைக்க ஏலாது. முழுசா ஒடைச்சிக் கம்பி போட்டுக் கொங்கிறீட் கட்டணும். ஒரு மாசம் போகும். இல்லாட்டி மண்ணப் போட்டு மூடிட்டு, மேல மூணு ரூம் கட்டுங்க. வெள்ளவத்தையில இப்ப ரூமுக்குத்தானே ஆக்கள் அலையிறாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சீனியம்மாவைப் பார்த்தார். அவள் வெறும் தடாகத்தின் விளிம்பில் வலையைப் பிடித்தபடி நின்றாள். அள்ளுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அன்று பின்னேரம் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். "பிள்ளை, என்னட்டை இருக்கிறது ஒரு வேலைக்குத்தான் காணும். தடாகத்தைத் திருத்தலாம், இல்லாட்டி அறை கட்டலாம். அறை கட்டினால் அது உனக்கு. நீ இஞ்சை இருக்கப் போறாயெண்டால் உன்ர விருப்பம். திரும்பிப் போறாயெண்டால் சீனியம்மாவின்ர விருப்பம்."

அந்தக் கிழமைதான் லீமாவில் பழகிய ஒரு பெண்ணிடமிருந்து எனக்குக் கடிதம் வந்திருந்தது. கப்பலில் வேலை, வருகிறாயா என்று கேட்டிருந்தாள். வந்த மூன்றாம் நாளே எனக்கு இந்த வீடு அலுத்துவிட்டது. போகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் போகிறேன் என்று சொன்னால் தடாகம் சீனியம்மாவுக்கு.

"நான் நிக்கிறன்," என்றேன். "மூடுவம்."

காரணங்களும் சொன்னேன். நுளம்பு, டெங்கு, ஏழெட்டு வடபகுதிப் பெண்கள் கூடும் வீடு என்று பொலிசார் சந்தேகப்படலாம், யாராவது மூழ்கினால் யார் பதில் சொல்வது. எல்லாம் உண்மை. அவற்றில் ஒன்றும் என் காரணம் இல்லை.

சீனியம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். "சரிங்க பாப்பா," என்றாள். அடுப்படிக்குப் போய்ப் பருப்பைக் கழுவத் தொடங்கினாள். அழுவாள் என்று எதிர்பார்த்து நான் இரண்டு முறை தண்ணீர் குடிக்கப் போனேன். பருப்பைக் கழுவிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் கழுவினாள்.

கெஞ்சியவள் நேசம்தான். மறுநாள் கேற்றடியில் வந்து நின்றாள். "பிள்ளை, ஏஜென்சிக்காரன் ஆயத்தமா இருக்கச் சொல்லிப்போட்டான். எனக்கு இன்னும் தலை தாழுது. ரெண்டு புதன் மட்டும் பொறுங்கோவன். பாதித் தண்ணி விட்டாலும் காணும்."

"பாஸ் திங்கட்கிழமை தொடங்குறார், அக்கா."

"நீங்கள் உலகமெல்லாம் போய் வந்தனீங்கள்தானே, பிள்ளை. போற ஆக்களின்ர பயம் உங்களுக்குத் தெரியாதே?"

நான் போனது விமானத்தில், தூதரகக் கடவுச்சீட்டுக்காரர்களின் பின்னால். அதை அவளுக்குச் சொல்லவில்லை. அவள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை மண் லொறிகள் வந்தன. ஒழுங்கை முகப்பில் இருந்த சோதனைச் சாவடியில் சிப்பாய்கள் நீண்ட கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். எதற்கு மூடுகிறீர்கள் என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான். "மதுருவோ," நுளம்பு, என்றேன். நல்ல வேலை என்பதுபோல் தலையாட்டினான். நாலு நாளில் பின்வளவு சமதரையாகிவிட்டது. அப்பா ஒருமுறைகூடப் பின்பக்கம் வரவில்லை.

புதன்கிழமை மட்டும் சீனியம்மா வெளியே போனாள். அடுத்த புதனும் போனாள். மூன்றாம் புதன் தன் துணிகளை ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்து விறாந்தையில் நின்றாள்.

"ஐயா, வத்தளையில ஐறீன்னு ஒரு அம்மா கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்காங்க. நேசமக்காதான் கொச்சிக்கடைக் கோயில்ல பாத்துப் பேசினாங்க. யுத்தத்துல வெள்ளக்காரவுங்க வர்றதில்ல, நீச்சத் தொட்டி சும்மாதான் கெடக்குது. என்னய அங்கயே தங்கிப் பாத்துக்கச் சொல்றாங்க."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போயிட்டு வா, சீனியம்மா."

"பாப்பா இருக்காங்கல்ல ஐயா. இனி ஒங்களுக்கு ஒரு கொறையும் இருக்காது." என் பக்கம் திரும்பினாள். "ஐயாவுக்குக் கத்தரிக்கா ஆகாது பாப்பா. ராவுல இருமுவாரு."

அது எனக்குத் தெரியாது. முந்தின நாள்தான் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்திருந்தேன்.

கடிதங்கள் மட்டும் எங்கள் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு புதன்கிழமையும் அப்பா அவற்றை எடுத்துக்கொண்டு காலி வீதியில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, நீர்கொழும்பு பஸ் பிடித்து வத்தளைக்குப் போனார். அறுபத்தெட்டு வயது. வழியில் மூன்று இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். பக்கத்திலிருக்கும் களுபோவில ஆசுப்பத்திரியில் மூட்டு வலிக்கு மருந்து எடுக்கப் போகச் சொன்னால், தூரம் என்று மறுக்கிறவர் அவர்.

"வத்தளை விலாசம் எழுதி அனுப்பலாம்தானே அப்பா," என்றேன் ஒருநாள். "தபாலில போட்டால் போகும்."

"வாசிக்கிறது ஆர்?" என்றார்.

ஐந்தாவது புதன்கிழமை, அவர் போய் அரைமணி நேரத்தின் பின் நானும் புறப்பட்டேன். ஏன் என்று கேட்டால், பார்க்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

ஐறீன் வீட்டுக் கேற் திறந்திருந்தது. பக்கவாட்டில் நடந்து பின்பக்கம் போனேன். பெரிய தடாகம், பாசி பிடித்த படிகள். சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஈர உடுப்போடு உட்கார்ந்திருந்தார்கள். நேசம் அதில் இல்லை, அவள் போய்விட்டிருந்தாள். தண்ணீரில் சீனியம்மா நெஞ்சளவு ஆழத்தில் நின்றாள். அவளுடைய உள்ளங்கை ஒரு நரைத்த பிடரிக்குக் கீழே இருந்தது. வெள்ளைச் சேட்டோடு, சாரத்தைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியபடி, வானத்தைப் பார்த்துக்கொண்டு அப்பா மிதந்தார்.

"ஐயா, வயித்தை உள்ளுக்கு எடுங்கோ, கப்பல் மாதிரி இருக்கு!" என்று ஒருத்தி கத்தினாள்.

"கப்பல் கம்பனியிலதானே இருந்தவர்!"

சீனியம்மா கையை மெல்ல விலக்கினாள். அப்பா தாழவில்லை. முப்பது வருடம் தடாகத்தோடு ஒரே வளவில் இருந்தும் கால் நனைக்காத மனிதர். ஒருநாள்கூட அவரை இறங்கச் சொல்லி நான் கேட்டதில்லை.

தேத்தண்ணித் தட்டோடு ஒரு பெண் வந்தாள். வெள்ளை உடுப்பு, கழுத்தில் சிறு சிலுவை. ஐறீன்தான்.

"யாரப் பாக்க வந்தனீங்க?"

"செல்லையாவின்ர மகள்."

அவள் முகம் மலர்ந்தது. "ஆ, வெளிநாட்டில இருக்கிற மகளோ! உங்கட கதை எங்களுக்கு மனப்பாடம். ஐயா வாரத்துக்கொருக்கா உங்கட தபாலட்டையெல்லாம் கொண்டந்து வாசிப்பார். எப்ப வந்தனீங்க?"

நான் வந்து மூன்று மாதமாகியிருந்தது; ஐந்து கிழமையாக நான்தான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். பின்வளவில் மூன்று அறைக்கும் அத்திவாரம் போட்டாயிற்று. கப்பல் வேலைக்கு வரவில்லை என்று எழுதியாயிற்று.

"நேற்று," என்றேன்.

"எத்தனை நாள் நிப்பீங்க?"

அவள் நீட்டிய கோப்பையை வாங்கிக்கொண்டேன். சீனியம்மா என்னைக் கண்டுவிட்டாள். அப்பாவிடம் சொல்லக் குனிந்தாள். பிறகு ஏனோ சொல்லாமல் நிமிர்ந்து, கொஞ்சம் பொறுக்கும்படி கையால் எனக்குச் சைகை காட்டினாள். அப்பாவின் காதுகள் தண்ணீருக்குள் இருந்தன. நான் நின்றபடியே தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.