ஆறாவது பாட்டில் தண்ணீர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்களில் நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் ரசாயன ஆனர்ஸ் படித்தேன். கடைசி வருடத்தில் ஒவ்வொருவரும் ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் சின்னதாக ஓர் ஆராய்ச்சி செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். அது தேறாவிட்டால் ஆனர்ஸும் இல்லை. சாயம், வெடிமருந்து என்று என்னென்னவோ கனவோடு போய் நின்றேன். என் ஆசிரியர் மருந்து அலமாரியைத் திறந்து காட்டினார். பாதி ஜாடிகள் காலி.

"கப்பல் வரலைப்பா. மருந்தும் வராது. தண்ணிக்குத்தான் பஞ்சமில்லை. உங்க ஊர்ப் பக்கத்துக் கிணத்துத் தண்ணியைப் பரிசோதனை பண்ணு" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றும் வந்தது. விடுதியில் என்னைத் "தண்ணிப் பந்தல்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டு நாள் யாரோடும் பேசாமல் திரிந்துவிட்டு, வேறு வழியில்லாமல் ஆறு கண்ணாடி பாட்டில்களை வாங்கிக்கொண்டு தீபாவளி லீவுக்கு ரயிலேறினேன்.

எங்கள் ஊர் அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சி போகிற வழியில் இருந்தது. எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக் கல். கிணற்றுக்குக் கிணறு தண்ணீரின் ருசி மாறும். சில கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவே வேகாது. எங்கள் வீட்டுக் கிணறுதான் தெருவுக்கே நல்ல தண்ணீர்க் கிணறு. விடிந்தது முதல் ராட்டினம் கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும். அதில் என் அம்மாவுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பாட்டில் நிரப்புவதற்கு ஆசிரியர் கண்டிப்பான முறை சொல்லியிருந்தார். அந்தந்தக் கிணற்றுத் தண்ணீராலேயே மூன்று முறை அலம்பி, நம் கையாலேயே நிரப்பி, மூடியைத் துணியால் கட்டி, நோட்டில் உடனே எழுத வேண்டும். ஐந்து கிணறுகளுக்குச் சேற்றில் நடந்து போய் அப்படியே செய்தேன். எங்கள் கிணறு எங்கே ஓடிவிடப் போகிறது என்று அதைக் கடைசி நாளுக்கு வைத்தேன். அன்று விடிய விடிய மழை. நான் எழுந்தபோது ஸ்டேஷனுக்குப் போக வண்டி பூட்டி நின்றது.

"அம்மா, நம்ம கிணத்துல இதை ரொப்பிக் குடு" என்று பாட்டிலை நீட்டிவிட்டு இட்லி தின்ன உட்கார்ந்தேன். ரயிலில் நோட்டைத் திறந்து, 'சேகரித்தவர்' என்ற இடத்தில் ஆறுக்கும் 'நான்' என்று எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்றுகூடத் தோன்றவில்லை.

கல்லூரியில் ஒவ்வொரு தண்ணீரிலும் பெர்மாங்கனேட் கரைசலைச் சில சொட்டு விட்டுப் பார்த்தேன். தண்ணீர் ரோஜா நிறமாகும். அந்த நிறம் நின்றால் நல்லது. சாணமோ கழிவோ கலந்திருந்தால் நிறம் கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிடும். ஐந்து தண்ணீரிலும் நிறம் நின்றது. ஆறாவதில் நிற்கவில்லை. நாலு தடவை செய்தும் நிற்கவில்லை.

"யாரு கிணறு இது?" என்றார் ஆசிரியர்.

"எங்க வூட்டுக் கிணறு சார்."

"பக்கத்துல மாட்டுக் கொட்டகை இருக்கா?"

இருந்தது. "இப்போதைக்குக் குடிக்க வேண்டாம்னு எழுது. ஆனா ஒரு பாட்டிலை வெச்சு முடிவு கட்ட முடியாது. இன்னொரு தரம் எடுத்துப் பார்க்கணும்னும் எழுது."

வீட்டுக்குப் போட்ட கடிதத்தில் நான் முதல் பாதியை மட்டும் எழுதினேன். முக்கியமான வார்த்தைகளின் கீழே சிவப்பு மையால் கோடும் போட்டேன். ஊருக்கே உத்தரவு போடும் நிலைக்கு வந்துவிட்டேன் என்று உள்ளூர ஒரே குஷி.

பத்து நாளில் அப்பாவின் கடிதம் வந்தது. ராட்டினத்தைக் கழற்றிவிட்டார்களாம். கொட்டகையைப் பிரித்து மாடுகளை வயலில் கட்டியிருக்கிறார்களாம். அம்மா தானே வீடு வீடாகப் போய், "எம் மவன் பார்த்துச் சொல்லியிருக்கான், யாரும் மொண்டுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். தெருவே இப்போது அரை மைல் நடந்து வேறு கிணற்றில் தண்ணீர் எடுக்கிறது. அம்மாவும் இரண்டு குடத்தோடு நடக்கிறாள். படித்தபோது குஷி மிச்சமில்லை. இன்னொரு தரம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னதை எழுதாமல் விட்டது அப்போதுதான் உறுத்தியது.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா சமையற்கட்டில் ஒரு குடத்தைச் சாய்த்து வைத்து, அதன் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துக்கொண்டிருந்தாள். கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்க எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். பிறந்ததிலிருந்து பார்த்ததுதான். அன்று மட்டும் பார்த்ததும் ஒரு சந்தேகம் தட்டியது.

"அம்மா, அன்னிக்கு என் பாட்டிலுக்கும் இதைப் பண்ணியா?"

"பின்ன? மழையில ஒரே கலங்கல். கலங்கின தண்ணியவா காலேஜுக்குக் குடுத்தனுப்புவாங்க? விடியறப்பவே நல்லா ஒரைச்சுத் தெளியவெச்சிருந்ததை, மேலாக்க வடிச்சு ஊத்துனேன். உனக்குக் கௌரவமா இருக்கட்டும்னுதான்."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. கொட்டையின் சத்து தண்ணீரில் இறங்கி, அதுதான் நிறத்தைத் தின்றிருக்கிறது. கிணற்றில் ஒரு குற்றமும் இல்லை. தான் என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் அம்மா குடத்தைப் பிடித்தபடி நின்றாள். குடம் சுமந்த வலிக்குத் தோள்பட்டையில் சுண்ணாம்புப் பற்று போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் கத்துவதை விட்டுக் குடத்தை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

திரும்புகிற ரயிலில் ஒரு சுலபமான வழி தோன்றியது. கொட்டகையைப் பிரித்ததால் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று எழுதிவிடலாம். தெரு சந்தோஷப்படும், ஆசிரியரும் நம்புவார், எனக்கும் நல்ல பெயர். லால்குடி தாண்டுவதற்குள் அந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதியே முடித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் நோட்டில் பொய் எழுதியவன் என்று ஆராய்ச்சியை ரத்து செய்துவிடுவார். ஆனர்ஸ் போய்விடும். சொல்லாவிட்டால், அந்தத் தோள் வலிக்குக் காரணம் மாட்டுக் கொட்டகை என்று ஆயுள் முழுக்க நடித்துக்கொண்டிருக்க வேண்டும். அது என்னால் ஆகாது என்று பட்டது.

திங்கட்கிழமை சொல்லிவிட்டேன். ஆசிரியர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"ஒரு எடத்துல பொய் இருந்தா, மத்த அஞ்சை நான் எப்படி நம்பறது?"

"அதெல்லாம் நானேதான் எடுத்தேன் சார்."

"இருக்கலாம். ஆறையும் மறுபடி எடு. எல்லாத்தையும் முதல்லேருந்து செய். அதுக்கு முன்னாடி ஊருக்குப் போய் ஜனங்ககிட்ட சொல்லிட்டு வா." ஒரு சின்னக் குப்பியில் பெர்மாங்கனேட்டைப் போட்டுக் கொடுத்தார். ஆறு வார வேலை போயிற்று. ஆனால் ரத்து என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பயம் விட்டுப்போன அழுகை.

அடுத்த ஞாயிறு எங்கள் கிணற்றடியில் பத்துப் பதினைந்து பெண்கள் கூடினார்கள். இரண்டு கண்ணாடி டம்ளரை வைத்தேன். ஒன்றில் கிணற்றிலிருந்து அப்போதே இறைத்த தண்ணீர். மற்றதில் அதே தண்ணீரைக் கொட்டை உரைத்துத் தெளியவைத்தது. இரண்டிலும் மருந்தை விட்டதும் எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

"ஐயையோ, வாந்திபேதி மருந்துல்ல இது!" என்றாள் ஒருத்தி. அந்த நோய் வந்தால் சுகாதார இலாகாக்காரர் கிணற்றில் கொட்டுகிற அதே மருந்துதான். நிறம் நிற்பதுதான் நல்லது என்று அவர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டது. கால் மணி நேரம் காத்திருந்தோம். முதல் டம்ளர் ரோஜா நிறமாகவே இருந்தது. இரண்டாவது பழுப்பாகி வெளுத்துவிட்டது.

"அப்ப இத்தினி நாளா நாங்க அரை மைல் நடந்தது?"

"என்னாலதான். பாட்டிலை நான் ரொப்பல. ரொப்புனதா எழுதிட்டேன்."

யார் நிரப்பியது என்று நான் சொல்லவில்லை. பின்னாலிருந்து அம்மாவே சொன்னாள்: "நாந்தான்டி ரொப்புனேன். கொட்டையும் நாந்தான் ஒரைச்சேன்."

கொஞ்சம் வசவு கிடைத்தது. அதைவிட அதிகமாகச் சிரிப்பு. யாரோ கயிறு எடுக்க ஓடினார்கள். ராட்டினத்தை மாட்ட அப்பா ஏணியோடு வந்தார்.

அம்மா மட்டும் அந்த வெளுத்த டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்டா, மழைக்கு மழை இதைத்தானே உனக்குக் குடிக்கக் குடுத்தேன். இது ஒடம்புக்கு நல்லதா, கெட்டதா?"

கல்லூரியில் சேர்ந்த பிறகு வீட்டில் எதற்கும் தெரியாது என்று நான் சொன்னதே இல்லை. "தெரியலம்மா" என்றேன்.

அம்மாவுக்கு அதில் ஏமாற்றம் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போய் ஒரு கை தேற்றாங்கொட்டையை அள்ளிக்கொண்டு வந்து என் சட்டைப்பையில் போட்டாள்.

"இந்தத் தடவை நல்லாப் பாத்துட்டுச் சொல்லு. நான் வூடு வூடாப் போயிச் சொல்லணும்" என்றாள்.